காற்றுப் பொரிப்பான் பராமரிப்பு

காற்றுப் பொரிப்பான் பராமரிப்பு என்பது, சூடான காற்றை விரைவாகச் சுழலவிட்டு உணவைப் பொரிக்கும் வீட்டு மின்கருவியைத் தூய்மையாகவும் பழுதின்றியும் வைத்திருக்கும் முறைகளைக் குறிக்கும். இக்கருவி பேச்சு வழக்கில் ஏர் ஃபிரையர் எனப்படுகிறது. இதன் ஆயுளைக் குறைப்பவை முதன்மையாக இரண்டு. ஒன்று, கழுவாமல் விடப்பட்டு மீண்டும் மீண்டும் சூடாகும் எண்ணெய் எச்சம். மற்றொன்று, கழுவிய பின் உலர்த்தாமல் விடப்படும் ஈரம். உள்நாட்டு ஊர்களில் முதலாவதே பெரிய சிக்கலாகும். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரைகளில் காற்றிலும் நீரிலும் உப்பு கலந்திருப்பதால் இரண்டாவதும் அதற்கு இணையான கேட்டை விளைவிக்கிறது.

## வரலாறு

விசிறியால் சூடான காற்றைச் செலுத்திச் சமைக்கும் முறை காற்றுப் பொரிப்பானுக்கு முற்பட்டது. அமெரிக்கரான வில்லியம் மேக்சன் 1945 ஆம் ஆண்டளவில், வானூர்திகளில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்காக விசிறி பொருத்திய சிறு அடுப்பொன்றை உருவாக்கினார். இன்று காற்றுப் பொரிப்பான் என அறியப்படும் வீட்டுக் கருவியை நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் உருவாக்கினார். பிலிப்ஸ் நிறுவனம் இதனை 2010 ஆம் ஆண்டு பெர்லினில் நடைபெற்ற ஐ.எஃப்.ஏ. கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அதன் பின்னர்ப் பல நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தன.

## அமைப்பு

துப்புரவு முறைகளைப் புரிந்துகொள்ளக் கருவியின் பகுதிகளை அறிதல் தேவை.

- கூடை: உணவு வைக்கப்படும் துளையிட்ட பகுதி. பெரும்பாலும் எஃகு அல்லது அலுமினியத்தின் மேல் ஒட்டாப் பூச்சு (நான்-ஸ்டிக்) பூசப்பட்டிருக்கும்.
- இழுப்பறை: கூடையைத் தாங்கும் வெளிப்பாத்திரம். உணவிலிருந்து வடியும் எண்ணெயும் கொழுப்பும் இதில் சேரும்.
- வெப்பச் சுருள்: கூடைக்கு மேலே அமைந்திருக்கும். பெரும்பாலானவற்றில் நிக்ரோம் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடுத் தூளும், அதன் வெளியே உலோக உறையும் இருக்கும்.
- விசிறி: சுருளுக்கு மேலிருந்து காற்றைச் சுழற்றும்.
- காற்று வழிகள்: உடலின் பின்புறமோ மேற்புறமோ உள்ள துளைகள்.

கூடையும் இழுப்பறையும் மட்டுமே நீரில் கழுவத் தக்கவை. ஏனையவை மின்பகுதியுடன் இணைந்தவை. அவற்றை நீரில் அமிழ்த்துதலோ, அவற்றின் மேல் நீர் தெளித்தலோ கூடாது.

## அழுக்கு உருவாகும் முறை

இக்கருவியில் பயன்படும் எண்ணெயின் அளவு குறைவு என்பதால் அழுக்கும் குறைவாகவே சேரும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் அந்தச் சிறிதளவு எண்ணெயே வேகமான காற்றோட்டத்தால் நுண்திவலைகளாகச் சிதறி, கூடை, சுவர், சுருள் ஆகிய எல்லாவற்றின் மேலும் மெல்லிய படலமாகப் படிகிறது. மெல்லிய படலம் என்பதால் அது காற்றிலுள்ள ஆக்சிசனுடன் எளிதில் வினைபுரிகிறது.

சூட்டில் எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட மூலக்கூறுகளாக மாறுகின்றன. இது பலபடியாதல் எனப்படும். தொடக்கத்தில் பிசுபிசுப்பாக இருக்கும் இப்படலம், அடுத்தடுத்த சமையல்களில் பழுப்பாகி, பின்னர் கறுத்துக் கெட்டியாகிறது. புதிய எண்ணெய் சோப்பு நீரில் கரைந்து வரும். பலபடியான படலம் அவ்வாறு வருவதில்லை.

இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும்போது நிகழ்வதும் இதே வினைதான். அங்கு எண்ணெய்ப் படலம் இரும்பின் மேல் இறுகி, மாவு ஒட்டாமலும் துரு ஏறாமலும் காக்கிறது. காற்றுப் பொரிப்பானின் கூடையில் ஏற்கெனவே ஒட்டாப் பூச்சு இருப்பதால் இப்படலம் அப்பூச்சை மூடி, உணவு ஒட்டும்படி செய்துவிடுகிறது. எனவே தோசைக்கல்லைச் சோப்பிட்டுக் கழுவாமல் துடைத்து வைக்கும் வழக்கத்தை இக்கருவிக்குப் பின்பற்றலாகாது.

எண்ணெயின் புகைநிலையும் கருதத்தக்கது. செக்கு நல்லெண்ணெய், சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெய் ஆகியவை ஏறத்தாழ 175 °செ அளவில் புகையத் தொடங்கும். பெரும்பாலான கருவிகளின் உச்ச வெப்பநிலை 200 °செ ஆகும். ஆகவே முந்தைய சமையலில் சுருளின் மேல் தெறித்த எண்ணெய், அடுத்த முறை கருவியை இயக்கிய சில நிமிடங்களில் புகையக்கூடும். கருவி பழுதடைந்துவிட்டது என்று கருதப்படும் பல நேரங்களில் உண்மையான காரணம் இதுவேயாகும்.

## அன்றாடத் துப்புரவு

சமைத்த அன்றே கழுவுதல் இப்பராமரிப்பின் அடிப்படை விதியாகும். பொதுவான முறை பின்வருமாறு:

1. மின்செருகியைக் கழற்றிக் கருவியை முப்பது நிமிடங்கள் வரை ஆறவிட வேண்டும். சூடான கூடையைக் குளிர்நீரில் இட்டால், உலோகமும் பூச்சும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பூச்சு தளரும்.
2. இழுப்பறையில் தேங்கிய எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் ஒற்றியெடுத்துக் குப்பையில் இட வேண்டும். கழுநீர்த் தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைப்பை உண்டாக்கும்.
3. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் நீர்ம சோப்பும் இட்டுப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஊறவிட வேண்டும்.
4. மென்மையான பஞ்சால் தேய்க்க வேண்டும். கூடையின் துளைகளுக்குப் பழைய பல்துலக்கி ஏற்றது.
5. நல்ல நீரில் அலசி, உலர்ந்த பருத்தித் துணியால் முற்றிலும் துடைக்க வேண்டும்.

கம்பி நார், பாத்திரம் துலக்கும் தூள், சாம்பல், மணல் ஆகியவை ஒட்டாப் பூச்சைக் கீறும். பாத்திரம் துலக்கும் கட்டி சோப்புகள் பலவற்றிலும் நுண்ணிய கனிமத் தூள் கலந்திருப்பதால் நீர்ம சோப்பே தக்கது. உப்பும் எலுமிச்சைத் தோலும் கொண்டு தேய்த்தல் பித்தளைப் பாத்திரத்துக்குப் பொருந்தினும் இதற்குப் பொருந்தாது. உப்புப் பரல் பூச்சைக் கீறுவதோடு, அமிலமும் குளோரைடும் சேர்ந்து கீறலின் அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும்.

### இறுகிய கறை

இறுகிய கறைக்கு ஆப்பசோடாவை நீரில் குழைத்துப் பசையாகத் தடவி, இருபது நிமிடங்கள் கழித்துப் பஞ்சால் மெல்லத் துடைக்கலாம். பூச்சு இல்லாத அலுமினியப் பகுதி காரத்தால் கறுக்கும் என்பதால் பசையை நெடுநேரம் விடலாகாது. சலவைச் சோடா இதைவிடக் கடுமையான காரம் ஆதலின் தவிர்க்கப்பட வேண்டும். கத்தி, கரண்டி முதலியவற்றால் சுரண்டுதல் கூடாது.

### மஞ்சள் கறையும் மீன் வாடையும்

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரைவதில்லை. எனவே பிடி, விளிம்பு போன்ற நெகிழிப் பகுதிகளில் அது நிலைத்துவிடும். எனினும் ஒளியில் சிதையும் தன்மை உடையதால், கழுவிய பகுதியை ஓரிரு நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் நிறம் மங்கும்.

கடல்மீனின் வாடைக்கு டிரைமெத்தில் அமீன் என்னும் காரச் சேர்மம் காரணமாகும். எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் இதனுடன் வினைபுரிந்து ஆவியாகாத உப்பாக மாற்றுவதால் வாடை நீங்குகிறது. நீர் கலந்த எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்து, உடனே நல்ல நீரால் அலசுதல் போதுமானது.

## வெப்பச் சுருளும் உட்புறமும்

மாதம் ஒருமுறையேனும் சுருளைப் பார்வையிடுதல் நல்லது. மீன், கோழி முதலிய கொழுப்புள்ள உணவுகளை அடிக்கடி சமைப்போர் வாரந்தோறும் பார்ப்பது தகும். செருகியைக் கழற்றி, ஆறிய கருவியிலிருந்து இழுப்பறையை நீக்கிய பின், கருவியை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்தால் சுருள் கண்ணுக்குத் தெரியும். நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். துணியில் சோப்பு பயன்படுத்தினால் அதன் எச்சத்தையும் துடைத்தெடுக்க வேண்டும்.

தெளிப்பான் வகைத் துப்புரவு மருந்துகளை உள்ளே அடித்தலாகாது. அவை விசிறியின் அச்சுக்கும் மின்னிணைப்புகளுக்கும் செல்லும். எஞ்சியவை அடுத்த சமையலில் ஆவியாகி உணவில் படியும்.

## உப்பளக் கடற்கரையில் பராமரிப்பு

### மரக்காணத்தின் சூழல்

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊராகும். இதனை அடுத்துக் கழுவெளி எனப்படும் உவர்நீர் நிலமும் விரிந்த உப்பளங்களும் உள்ளன. கழுவெளி 2021 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர் ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகள் செப்பனிடப்பட்டு, அடுத்த மழைக்காலம் வரை உப்பு விளைவிக்கப்படுகிறது.

இத்தகைய கரையில் அலைகள் உடையும்போது எழும் நுண்திவலைகள் கடற்காற்றுடன் நிலத்துக்கு வருகின்றன. அவை உலர்ந்து உப்புத் துகள்களாகிச் சன்னல், பாத்திரம், மின்கருவி என எல்லாவற்றின் மேலும் படிகின்றன. கரையிலிருந்து விலக விலக இப்படிவு விரைந்து குறையும். ஆகவே ஒரே ஊரில் கடலை ஒட்டிய வீட்டிலுள்ள கருவிக்கும் சில கிலோமீட்டர் உள்ளே உள்ள வீட்டின் கருவிக்கும் பராமரிப்புத் தேவை வேறுபடும். உலோகங்களுக்கு வளிமண்டலம் விளைவிக்கும் அரிமானத்தை ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் வகைப்படுத்துகிறது. இதில் கடற்கரைச் சூழல்கள் உயர்ந்த வகைகளில் அடங்கும். தமிழ்நாட்டில் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

### உப்பு உலோகத்தை அரிக்கும் முறை

உலர்ந்த உப்பு மட்டும் உலோகத்தை அவ்வளவாகத் தாக்குவதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து உவர்நீராகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காடு அளவிலேயே இவ்வாறு கரையும். எனவே கடற்கரையில் உப்புப் படிந்த பரப்பு, காண்பதற்கு உலர்ந்ததாகத் தோன்றினும் பெரும்பாலான நேரங்களில் ஈரமாகவே இருக்கும். சமையலறையில் மூடாத சாடியிலுள்ள கல்லுப்பு கசிந்து நீர் விடும் நாட்களை, மின்கருவிகளும் அரிமானத்துக்கு உள்ளாகும் நாட்கள் எனக் கொள்ளலாம்.

துருவேறா எஃகின் மேல் குரோமியம் ஆக்சைடாலான மெல்லிய காப்புப் படலம் உள்ளது. குளோரைடு அயனிகள் இப்படலத்தை ஆங்காங்கே துளைத்துக் குழி அரிமானத்தை உண்டாக்குகின்றன. பாத்திரங்களில் பரவலாகப் பயன்படும் 304 வகை எஃகு இதற்கு இடங்கொடுக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 வகை கூடுதலாகத் தாங்கும். ஒட்டாப் பூச்சில் ஏற்பட்ட கீறல் வழியே உவர்நீர் புகுந்தால், பூச்சின் அடியில் அரிமானம் பரவிப் பூச்சு கொப்பளித்து உரியும். இதனால்தான் உள்நாட்டில் அழகுக் குறையாக மட்டும் நிற்கும் கீறல், கடற்கரையில் கூடையின் ஆயுளை முடித்துவிடுகிறது.

### நீரின் தன்மை

கடற்கரை ஊர்களில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருக்கும். உவர்நீரில் அலசிய கூடையைத் தானாக உலரும்படி கவிழ்த்து வைத்தால், நீர் மட்டும் ஆவியாகி உப்பு அங்கேயே எஞ்சும். பாத்தியில் உப்பு விளைவதும் இதே முறையிலாகும். இதனைத் தவிர்க்கப் பின்வருவன உதவும்:

- முதல் அலசலுக்குக் கிணற்று நீரையும், இறுதி அலசலுக்குக் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துதல். இறுதி அலசலுக்கு ஒரு செம்பு நீரே போதும்.
- நீர் சொட்ட விடாமல் துணியால் துடைத்தல். நீருடன் அதில் கரைந்த உப்பும் துணியில் ஏறிவிடும்.
- துடைத்த கூடையைக் கருவியில் பொருத்தி, 150 °செ அளவில் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வெறுமையாக இயக்குதல். இது துளைகளிலும் மடிப்புகளிலும் தங்கிய ஈரத்தைப் போக்கும்.

கருவாடு பொரித்த பின் இவை இன்னும் இன்றியமையாதவை. கருவாட்டிலிருந்து உதிரும் உப்புப் பரல்கள் கூடையின் விளிம்பு மடிப்பில் தங்கும். கருவாட்டைக் கழுவி, ஈரம் ஒற்றிய பின் பொரித்தல் இதனைக் குறைக்கும்.

### கருவியின் வெளிப்புறமும் மின்செருகியும்

காற்று வழிகளில் படியும் தூசியும் உப்பும் ஈரமடைந்து, உள்ளே இழுக்கப்படும் காற்றுடன் மின்பகுதிகளை அடையும். மாதம் இருமுறை உலர்ந்த தூரிகையால் இவற்றைத் தட்டியெடுப்பது நல்லது. கருவியைக் கடலை நோக்கிய சன்னலுக்கு அருகில் வைத்தலாகாது. பயன்படுத்தாத நேரத்தில் பருத்தித் துணியால் மூடலாம். நெகிழி உறை உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற விடாது.

பித்தளைச் செருகிமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் தொடர்பு தளர்ந்து அவ்விடம் சூடேறும். 1500 வாட்டுக் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். இது 6 ஆம்பியர் செருகுவாயின் அளவைக் கடந்தது. எனவே நில இணைப்புள்ள 16 ஆம்பியர் செருகுவாயே தக்கது. இயக்கிய சிறிது நேரத்தில் செருகி கைபொறுக்காத அளவு சூடானாலோ பழுப்பேறினாலோ பயன்பாட்டை நிறுத்தி, மின்பணியாளரைக் கொண்டு செருகுவாயை மாற்ற வேண்டும்.

### மழைக்காலமும் வெள்ளமும்

வெப்பச் சுருளினுள் உள்ள மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலத்தில் பல வாரங்கள் பயன்படுத்தாமல் வைத்த கருவியை இயக்கும்போது, மின்கசிவு காப்பு ஆளி விழுவதற்கு இது ஒரு காரணமாகும். வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் இயக்கி வருதல் இவ்வீரத்தைப் போக்கும். ஆளி விழுந்தால் அதனை நீக்கிவிட்டுக் கருவியை இயக்க முயல்வது உயிருக்கு ஆபத்தானது.

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இவ்வாறு வெள்ளநீர் புகுந்த கருவி வெளியே உலர்ந்துவிட்டாலும், உள்ளே உப்பும் சேறும் தங்கியிருக்கும். உப்புக் கரைசல் மின்னைக் கடத்துவதால் அதனைச் செருகி இயக்கிப் பார்த்தல் கூடாது. பழுதுநீக்குநர் திறந்து, தூய்மை செய்து, மின்காப்பைச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

## ஒட்டாப் பூச்சின் பாதுகாப்பு

பெரும்பாலான ஒட்டாப் பூச்சுகள் 1938 ஆம் ஆண்டு ராய் பிளங்கெட் கண்டறிந்த பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன் என்னும் பொருளாலானவை. இது டெஃப்லான் என்னும் வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. இப்பொருள் ஏறத்தாழ 260 °செ வரை நிலையாக இருக்கும். எனவே 200 °செ உச்சமுள்ள கருவியில் இயல்பான பயன்பாட்டில் இது சிதைவதில்லை. அளவுக்கு மீறிச் சூடானால் வெளிப்படும் ஆவி கூண்டுப் பறவைகளுக்குக் கொடிய நஞ்சாகும். ஆகவே பறவை வளர்ப்போர் அவற்றைச் சமையலறையில் வைக்காதிருத்தல் நலம்.

முன்னர் இப்பூச்சின் தயாரிப்பில் பயன்பட்ட பெர்ஃபுளோரோ ஆக்டனாயிக் அமிலம் 2019 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூச்சு உரிந்து உலோகம் தெரியத் தொடங்கிய கூடையை மாற்றுவதே முறையாகும். பல நிறுவனங்கள் கூடையைத் தனியாகவும் விற்பதால், அதற்காக முழுக்கருவியையும் மாற்ற வேண்டியதில்லை.

## தீ, புகை முன்னெச்சரிக்கை

- கருவியைச் சுற்றிக் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விட வேண்டும்.
- விரிப்புத் தாளை உணவின்றி உள்ளே இட்டுச் சூடாக்கலாகாது. காற்று அதனைத் தூக்கிச் சுருளில் ஒட்டச் செய்தால் தீப்பற்றும்.
- இழுப்பறையில் எண்ணெய் ஊற்றிச் சமைத்தலாகாது.
- உள்ளே தீ தோன்றினால் மின்னிணைப்பைத் துண்டித்து, இழுப்பறையைத் திறக்காமல் விட வேண்டும். திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். நீர் ஊற்றுதல் எண்ணெய்த் தீயைப் பரப்பும், மின்னதிர்ச்சியையும் விளைவிக்கும்.

## பராமரிப்புக் கால அட்டவணை

- ஒவ்வொரு சமையலுக்குப் பின்: கூடையும் இழுப்பறையும் கழுவுதல், துடைத்தல், உலர்த்துதல்.
- வாரந்தோறும்: உட்சுவரையும் வெளிப்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்தல், மழைக்காலத்தில் ஒருமுறை வெறுமையாக இயக்குதல்.
- மாதந்தோறும்: சுருளைத் துடைத்தல், காற்று வழிகளைத் தூரிகையால் தட்டுதல், செருகியைப் பார்வையிடுதல். கடலை ஒட்டிய வீடுகளில் இவற்றை மாதம் இருமுறை செய்தல் தகும்.
- ஆண்டுதோறும்: மின்கம்பி, நில இணைப்பு, மின்கசிவு காப்பு ஆளி ஆகியவற்றை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல்.

## பயன்பாடு முடிந்த கருவி

பழுதுநீக்க இயலாத கருவி மின்னணுக் கழிவாகும். இந்தியாவில் 2022 ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். பூச்சுள்ள கூடையைத் திறந்தவெளியில் எரித்தல் நச்சு வளிகளை வெளியிடும்.

## இவற்றையும் பார்க்க

- அரிமானம்
- உப்பளம்
- கழுவெளி
- மரக்காணம்
- பலபடியாதல்